ஆறு பொத்தான் போன்களும் வெளிநாடு சென்ற சகலையும்

அன்பும் பொறுமையும் கைராசியும் ஒருங்கே வாய்த்த சகலைப்பாடி அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலம். என் ரத்த அழுத்தம் மட்டும் சற்று மேலே இருக்கிறது. அங்கே தாங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமா என்று கேட்பது முறை. ஆனால் நலம் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். தினமும் சாயங்காலம் அக்காளும் தங்கையும் போனில் பேசி முடித்ததும், உங்கள் வீட்டில் யார் தும்மினார்கள் என்பது வரைக்கும் எனக்குச் செய்தி வந்துவிடுகிறது. அதில் உங்களைப் பற்றிய பகுதி மட்டும் கொஞ்சம் நீளம். "அவரே வாஷிங் மெஷினைப் பிரிச்சு மாட்டிட்டாராம். அவரே மொட்டைமாடி டேங்க்ல ஏறி மிதவையை மாத்திட்டாராம்" என்று சொல்லிவிட்டு, சோபாவில் உட்கார்ந்திருக்கும் என்னை என் மனைவி ஒரு பார்வை பார்ப்பாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். டேங்க் மேல் ஏறுவதற்கு என் முழங்கால் இடம் கொடுக்காது, அவ்வளவுதான்.

போனிலேயே பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். வீட்டிலிருந்து பேசினால் உங்கள் அண்ணி பக்கத்திலேயே நிற்பாள். ஆபீசிலிருந்து பேசலாம் என்றால் வில்லங்கமே அங்கேதான் இருக்கிறது. முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் உதவி கேட்டு நான் இதை எழுதவில்லை. நீங்கள் ஊரெல்லாம் ஆபீசுகளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாட்டுகிற தொழிலில் இருக்கிறீர்கள், உங்களுக்குச் சுவாரசியமாக இருக்குமே என்றுதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். இதை லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏன் லிஃப்ட் என்பது பின்னால் வரும்.

எங்கள் மெத்தைக் கம்பெனியில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்ன அறை, அதில் சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதுதான் எங்கள் எக்ஸ்சேஞ்ச் என்பது உங்களுக்குத் தெரியும். வயதாகிவிட்டது. வெளியிலிருந்து வருகிற லைன்கள் பாதிப் பேச்சில் அறுந்துபோகும். அப்படி வருகிறவர்கள் சேல்ஸ் மேனேஜரைக் கேட்டால் டிரைவர் ரூமில் அடிக்கும். மழை பெய்தால் இரண்டு பேர் பேச்சு ஒன்றாகக் கலந்து, வங்கியில் கடன் கேட்ட கணக்கு அதிகாரிக்கு "ரெண்டு டீ, ஒண்ணு சர்க்கரை இல்லாம" என்று பதில் வரும். செல்போன் இருக்கிறதே என்பீர்கள். நாலு பக்கமும் பஞ்சும் ஸ்பிரிங்கும் அடுக்கி வைத்த கட்டடம் இது. சிக்னல் வாசலுக்கு வந்ததுமே படுத்துத் தூங்கிவிடும். ஆகவே எம்.டி. மேடம் என்னைக் கூப்பிட்டு, "அட்மின் சார், பெட்டியை மாத்திடுங்க. ஆனா போன் ஒண்ணுகூட மாத்தக் கூடாது. எல்லாம் நல்லா இருக்கு, எல்லாருக்கும் கைப்பழக்கம் ஆயிடுச்சு" என்றார். நானும் "ஒண்ணுகூட மாறாது மேடம், நான் பொறுப்பு" என்றேன். இந்த "நான் பொறுப்பு" என்ற வார்த்தையை யார்தான் கண்டுபிடித்தார்களோ!

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மேடம் அடுத்து, "உங்க சகலை இதே தொழில்தானே? உங்க பொண்ணு கல்யாணத்துல மைக் கெட்டுப்போனப்ப வந்து சரி பண்ணாரே, அவர்தானே? கார்டுகூட குடுத்தார். அவரையே கூப்பிடுங்களேன்" என்றார். சகலை, உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவன் நான். பந்தலுக்கு அலைந்தவன் நான். வாசலில் நின்று கைகூப்பிக் கூப்பி இடுப்பு ஒடிந்தவனும் நான். ஆனால் மேடம் உங்களோடுதான் அரை மணி நேரம் நின்று பேசினார். நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் என்னோடு அரை மணி நேரம் பேசியதென்றால் அது திட்டுவதற்காகத்தான் இருக்கும். அதெல்லாம் நெஞ்சில் ஒரே நேரத்தில் வந்து நின்றது. என்னைக் கேட்காமலே என் வாய், "அவர் வெளிநாடு போயிருக்கார் மேடம்" என்று சொல்லிவிட்டது.

"அப்படியா? எந்த நாடு?"

"ஒரு நாடுன்னு இல்ல மேடம். சுத்திட்டு இருக்கார்."

மேடம் முகத்தில் உங்கள்மேல் மரியாதை இன்னும் ஒரு படி ஏறியதை என் கண்ணாலேயே பார்த்தேன். உங்களைக் கழித்துக்கட்டச் சொன்ன பொய்கூட உங்களுக்குத்தான் பெருமை சேர்க்கிறது. இதற்குமேல் நான் என்ன செய்ய? வீட்டுக்கு வந்து, "ஆபீஸ்லேர்ந்து யாராவது கேட்டா சகலை வெளிநாட்டுல இருக்கார்னு சொல்லு" என்று உங்கள் அண்ணியிடம் மட்டும் சொல்லிவைத்தேன். "எதுக்கு?" என்றாள். "ஆபீஸ் ரகசியம்" என்றேன்.

பிறகு நானே வேறொரு கம்பெனியைப் பிடித்தேன். விற்பனைக்கு வந்தவர் கழுத்தில் டையும் வாயில் தேனுமாக இருந்தார். "சார், எங்க பெட்டில எந்தப் பழைய போனும் வேலை செய்யும். உங்க போன்ல ஏதாவது ஒண்ணு குடுங்க, இப்பவே மாட்டிக் காட்டறேன்" என்றார். நியாயமான பேச்சு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். என் மேஜையில் இருந்த போனின் மேல் கையை நீட்டினார். நான் பதறிப்போய், "அதைத் தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் போனின் கதையை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் கம்பெனியில் சாதாரணப் போன்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் வரிசையாகப் பொத்தான் வைத்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சிவப்பு விளக்கு வைத்து, மேலே சின்னக் கண்ணாடியில் கூப்பிடுகிறவர் பெயர் ஓடுகிற போன் ஆறே ஆறுதான். மேடத்துக்கு ஒன்று, கணக்கு அதிகாரிக்கு ஒன்று, இப்படிப் பெரிய தலைகளுக்கு மட்டும். பழைய சேல்ஸ் மேனேஜர் மேஜையில் அந்த விளக்குகள் மின்னும்போது எனக்குச் சாப்பாடு இறங்காது. அவர் வேலையை விட்டுப் போன அன்று எல்லாரும் அவருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள், நான் அவர் போனை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய்விட்டேன். புதிதாக வந்தவருக்குச் சாதாரணப் போன்தான். என் பொத்தான் போனைத் தினமும் மஞ்சள் துணியால் துடைத்து, சாயங்காலம் அதே துணியால் மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அதைப் போய் ஒருவர் பிடுங்கி, பிரித்து, திருகி, நாளைக்கு ஒரு விளக்கு எரியாமல் போனால்? ஆகவே நான் பெருந்தன்மையாக, "வாசல்ல வாட்ச்மேன் போன் இருக்கு, அதை எடுத்துக்கோங்க" என்றேன்.

வாட்ச்மேன் போனை மாட்டினார்கள். கணீரென்று அடித்தது. நானும் "எல்லாப் போன்களும் வேலை செய்கின்றன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பானை இரண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும், நீங்களே சொல்லுங்கள்.

புதுப் பெட்டி வந்தது. பழைய பெட்டியைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்தார்கள். அழகான வெள்ளைப் பெட்டி, பச்சை விளக்கு. ஆபரேட்டர் அம்மாவுக்கும் ஒரு புது போர்டு. வாட்ச்மேன் போன் அடித்தது. டீ ரூம் போன் அடித்தது. டிரைவர் ரூம், கிடங்கு, கடைசியில் லிஃப்டுக்குள் அவசரத்துக்கு மாட்டி வைத்திருக்கிற போன், அதுகூட அடித்தது. பெருமிதத்தோடு என் அறைக்குப் போய் மஞ்சள் துணியை எடுத்தேன். கண்ணாடியில் ஓர் எழுத்து இல்லை. விளக்கு இல்லை. காதில் வைத்தேன், மெத்தைக்குள் தலையை விட்ட மாதிரி அமைதி. அதற்குள் கணக்கு அதிகாரி வாசலில் வந்து நின்றார். அவர் போனும் அப்படியே. பொத்தான் போன்கள் ஆறும் ஊமை. மாடியில் மேடம் அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கதவு அப்படித் திறந்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

டைகாரரைக் கூப்பிட்டு, "என்னங்க இது, எல்லாப் போனும் வேலை செய்யும்னீங்களே" என்றேன். அவர் சிரித்த முகம் மாறாமல், "நீங்க குடுத்த போன் வேலை செய்யுதா இல்லையா சார்?" என்றார். செய்கிறதுதான். "பொத்தான் போன் எல்லாம் அந்தந்தக் கம்பெனிப் பெட்டில மட்டும்தான் சார் ஓடும். நீங்க அதைக் காட்டவே இல்லையே. ஆறையும் தூக்கிப் போட்டுட்டு எங்க போனை வாங்கிடுங்க." எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே மேடம் பின்னால் நின்றிருக்கிறார் என்பதை டைகாரரின் சிரிப்பு மறைந்ததிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து இங்கே நடக்கிற கூத்தைக் கேளுங்கள். மேடம் பெரிய ஓட்டல்காரர்களோடு பேச வேண்டுமென்றால் வாசலுக்கு இறங்கிப் போய் வாட்ச்மேன் கூண்டுக்குள் நின்று பேசுகிறார். நேற்று மொத்த ஆர்டர் ஒன்று முடிகிற நேரத்தில் வாட்ச்மேன், "மேடம், கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுடுங்க, லாரி உள்ள வரணும்" என்றிருக்கிறார். மேடமும், "ஒரே நிமிஷம்பா" என்றாராம். என்னிடம் ஒரு நாள் "பா" போட்டுப் பேசியிருப்பாரா? வாட்ச்மேன் கூண்டுக்கு இப்போது ஒரு டேபிள் ஃபேன், ஒரு குஷன் நாற்காலி, தண்ணீர் ஜாடி எல்லாம் வந்துவிட்டன. போகிறவர் வருகிறவரெல்லாம் அவருக்கு வணக்கம் வைக்கிறார்கள். நான் ஃபேன் கேட்டு எழுதிக் கொடுத்தது போன கோடையிலிருந்து கிடப்பில் கிடக்கிறது. கணக்கு அதிகாரி டீ ரூமில் நின்று வங்கியோடு பேசுவதால், கம்பெனியின் கடன் நிலவரம் முழுக்க டீ மாஸ்டருக்கு மனப்பாடம். "சார், இந்த மாசம் நமக்குக் கொஞ்சம் இறுக்கமா இருக்கு போல, டீயில பால் குறைச்சுக்கட்டுமா?" என்று அக்கறையாகக் கேட்கிறார்.

எனக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே போன் லிஃப்டுக்குள் இருக்கிறது. ஆகவே அட்மின் டிபார்ட்மென்ட் இப்போது லிஃப்டில்தான் நடக்கிறது. ஆபரேட்டர் அம்மா வெளியாட்களிடம், "அட்மின் ஆபீசர் சீட்லதான் இருக்கார் சார், ஆனா எந்த மாடில இருக்கார்னு சொல்ல முடியல" என்கிறார். நேற்று மேலதிகாரி ஒருவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது கதவு திறந்து, இரட்டைக் கட்டில் மெத்தை ஒன்றை நட்டுக்குத்தலாக உள்ளே நுழைத்துவிட்டார்கள். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் நான். "சத்தமே வரலையே, என்னய்யா, தூங்கறியா?" என்று மறுமுனையில் கத்துகிறார். மெத்தைக்குள் வாயை வைத்துக்கொண்டு "இல்லை சார்" என்றால் அது தூக்கத்தில் உளறுவது போலத்தான் கேட்கும்.

மேடம் நேற்று மாலை கூண்டிலிருந்து திரும்பும்போது லிஃப்டில் ஏறினார். நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன். மூன்றாவது மாடியில், "ஒண்ணுகூட மாறாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. இந்த வாரத்துக்குள்ள அந்த ஆறு போனும் பேசணும். பேசலைன்னா அட்மின் பொறுப்பைக் கணக்கு அதிகாரி பாத்துக்கட்டும். நீங்க கிடங்குப் பக்கம் போயிடுங்க" என்றார். கதவு மூடப்போகும்போது, "உங்க சகலை எப்ப திரும்பி வரார்?" என்றார். நான் "இன்னும் சுத்திட்டுதான் இருக்கார் மேடம்" என்றேன். வாயில் வேறு வரவில்லை.

கிடங்கு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது சகலை. ஜன்னல் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. பஞ்சுத் தூசியில் நாளெல்லாம் தும்மிக்கொண்டு, எத்தனை மெத்தை உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. மாமனார் வீட்டில் நாம் எல்லாரும் கூடும்போது, "பெரிய மாப்பிள்ளைக்குத் தனி ரூம், டேபிள் மேல லைட் எரியற போன்" என்று அத்தை சொல்வாரே, எனக்கென்று அந்த வீட்டில் இருக்கிற பெருமை அது ஒன்றுதான். மற்ற பெருமையெல்லாம் அழைப்பு மணியிலிருந்து மிக்ஸி வரைக்கும் உங்கள் கையால் ஓடுகிறது. அந்த ஒன்றும் போய்விட்டால் நான் அங்கே வந்து எந்த மூலையில் உட்காருவது?

சரி, போகட்டும். நான் உதவி கேட்கவில்லை என்று சொன்னேன் அல்லவா, இப்போதும் கேட்கவில்லை. பொது அறிவுக்காக ஒரு கேள்வி. ஓர் ஆள், நான் இல்லை, ஏதோ ஓர் ஆள், புதுப் பெட்டியும் வாங்கிவிட்டான், பழைய பொத்தான் போனையும் விட மனசில்லை என்றால், உங்கள் தொழிலில் அதற்கு வழி ஏதும் உண்டா? பழைய பெட்டி இன்னும் படிக்கட்டுக்குக் கீழேதான் கிடக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரரை வரச் சொல்ல நான்தான் போன் செய்ய வேண்டும். லிஃப்டில் கியூ இருந்ததால் இதுவரை முடியவில்லை. பதில் எழுதினால் ஆபீஸ் முகவரிக்கு எழுதவும். உறையின் மேல் உங்கள் பெயரைப் போட வேண்டாம். முடிந்தால் ஏதாவது வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டவும்.

மற்றபடி உங்கள் கைராசியும் தங்கச்சியின் சிரிப்பும் பிள்ளைகளின் படிப்பும் குறையாமல் இருக்க வேண்டும். பெரிய மாப்பிள்ளை கேட்டதாக மாமாவிடமும் அத்தையிடமும் சொல்லவும். என்ன கேட்டேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம். கீழே யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள், லிஃப்ட் இறங்குகிறது, இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எந்த உதவியும் தேவைப்படாத,
உங்கள் மூத்த சகலை

பின்குறிப்பு: மேலே எழுதியதில் "உதவி கேட்கவில்லை" என்று வருகிற இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். "பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள்" என்ற வரியையும் அடித்துவிடவும். பொறாமைதான்.

மேலே உள்ளதெல்லாம் நேற்று எழுதியது. இன்று காலை இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தேன். அறையில் பையை வைத்துவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குக் கிளம்புகிறேன், மஞ்சள் துணிக்கு அடியில் ஏதோ சிவப்பாக மின்னியது. போன் அடித்தது. எடுத்தேன். "அண்ணே, நான்தான். படிக்கட்டுக்குக் கீழ இருக்கேன். முதல்ல உங்க போனுக்குத்தான் உயிர் குடுத்தேன். தெளிவா கேக்குதா?" என்றீர்கள். தெளிவாகக் கேட்டது சகலை. ஸ்டூலைப் போட்டுவிட்டுப் படிக்கட்டுக்குக் கீழே ஓடி வந்தேன்.

மேடம் நேற்று மாலையே வாட்ச்மேன் கூண்டிலிருந்து உங்கள் கார்டைப் பார்த்து உங்களைக் கூப்பிட்டுவிட்டார் என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் உங்கள் அண்ணியிடம் சொன்ன ஆபீஸ் ரகசியம் அன்றைக்கே தங்கச்சி வழியாக உங்களுக்கு வந்துவிட்டதும் நல்லதாகப் போயிற்று. பழைய பெட்டியில் கெட்டுப்போயிருந்தது வெளி லைன் வருகிற பக்கம் மட்டும்தான் என்று கண்டுபிடித்து, அதை மறுபடி சுவரில் ஏற்றி, புதுப் பெட்டிக்கும் அதற்கும் நடுவில் ஒரு கேபிளைப் போட்டு, வெளியே பேசுவதைப் புதுசு பார்த்துக்கொள்ளட்டும், ஆறு பொத்தான் போன்களைப் பழசு பார்த்துக்கொள்ளட்டும் என்று பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டீர்கள். தலையெல்லாம் ஒட்டடை, பல்லுக்கு நடுவில் ஒயர். அந்தக் கோலத்தில், "மேடம்கிட்ட நேத்துதான் பிளைட்ல வந்து இறங்கினேன்னு சொல்லியிருக்கேன், நீங்களும் மாத்திச் சொல்லிடாதீங்க" என்றீர்கள். நான் உங்களைக் கழித்துக்கட்டச் சொன்ன பொய்யை எனக்காகவே நீங்கள் தாங்கிப் பிடித்தீர்கள். நேரில் நன்றி சொல்ல வாய் வராது என்பதால் இந்தக் கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன்.

பிறகு ஒயரை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒன்று சொன்னீர்களே, "எத்தனையோ பேர் டேபிள்ல இந்தப் போனை மாட்டியிருக்கேன். எனக்குன்னு ஒரு டேபிள்கூட இல்லண்ணே. வீட்ல எப்பப் பாத்தாலும் அத்தான் ரூம், அத்தான் போன்னு உங்க பேச்சுதான். கொஞ்சம் வயித்தெரிச்சலாத்தான் இருக்கும்" என்று. வயிற்றெரிச்சல் என்ற வார்த்தை இவ்வளவு குளிர்ச்சியானது என்று இதுவரை எனக்குத் தெரியாது. மத்தியானம் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

எல்லாம் சரிதான். ஆனால் ஒன்றே ஒன்று மனசில் உறுத்துகிறது. நீங்கள் போன பிறகு மேடம் அந்தப் பொத்தான் போனிலேயே என்னைக் கூப்பிட்டு, உங்கள் வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றி உங்களோடு அரை மணி நேரம் பேசியதாகச் சொன்னார். அங்கேயிருந்து வாங்கி வந்ததாக ஒரு சாக்லெட் டப்பா கொடுத்தீர்களாம். வாட்ச்மேன்கூட ஒரு புதுச் சாவி வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டு, "ஃபாரின் சார்" என்கிறார். அவ்வளவு தூரம் போய்விட்டு வந்தீர்களே சகலை, உங்களை அனுப்பி வைத்தவனே நான்தானே, எனக்கென்று ஒரு பேனாவாவது வாங்கி வரத் தோன்றவில்லையா?